செடி கொடியைப் படித்து என்ன ஆகப்போகிறது? பல்கலைக்கழகக் கல்வியின் நோக்கம் குறித்து ஒரு விடை

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து, மதுரையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இளநிலைத் தாவரவியலுக்கு இடம் வாங்கியிருக்கிறார். பெண்ணின் தாய்மாமனுக்கு இதில் உடன்பாடில்லை. "மூணு வருஷம் செடி கொடியைப் படிச்சு என்ன மச்சான் ஆகப்போகுது? கடைசியில குரூப் ஃபோர்தான எழுதப்போகுது? இப்பவே கோச்சிங்ல சேத்துவிடுங்க" என்கிறார். வேலையைக் கையில் தராத படிப்புக்குப் பல்கலைக்கழகம் எதற்கு, அதன் உண்மையான நோக்கம்தான் என்ன என்று தந்தை கேட்கிறார். மதுரையில் நெடுங்காலம் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கூற்று உண்மையா என்பதைத் தானே சோதித்துப் பார்க்கவும், சோதனையின் முடிவு தன் விருப்பத்துக்கு மாறாக இருந்தாலும் அதற்குக் கட்டுப்படவும் ஓர் இளம் வயதினரைப் பழக்குவதே பல்கலைக்கழகத்தின் தனிப்பட்ட வேலை. வேறு பல நன்மைகளும் அதனால் விளைகின்றன. ஆனால் அவற்றை வேறு இடங்களிலும் பெறலாம். தொழிலைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்கலாம். தகவலைக் கைப்பேசியில் பெறலாம். தேர்வு எழுதும் பயிற்சியைப் பயிற்சி மையத்தில் பெறலாம். இந்தப் பழக்கத்தைத் தருவதற்கென்றே மூன்று ஆண்டுகளை ஒதுக்கி, ஆய்வகமும் நூலகமும் அமைத்து, அதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களையும் அமர்த்தியிருக்கும் இடம் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான்.

இதைச் சொல்வதால் வேலை பற்றிய உங்கள் கவலையை நான் குறைவாக மதிப்பிடுவதாக எண்ண வேண்டாம். கல்வியால் பயன் வேண்டும் என்று எதிர்பார்ப்பது இக்காலத்தில் புதிதாக வந்த பேராசை அன்று. மதுரையை ஆண்ட ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூற்றின் 183ஆம் பாட்டை நாம் மேடைகளில் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். அந்தப் பாட்டு கல்விக்குக் காட்டும் காரணங்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுள்ளும் படித்தவன் பக்கமே தாயின் மனம் சாயும்; மூத்தவனை விட்டு அறிவுடையவனையே அரசன் கேட்டு நடப்பான்; கீழ்நிலையில் பிறந்தவன் கற்றால் மேல்நிலையில் பிறந்தவனும் அவனிடம் வந்து நிற்பான். வீட்டில் மதிப்பு, அரசில் இடம், பிறப்பால் வந்த தாழ்விலிருந்து விடுதலை என்று மூன்றுமே பயன்கள்தாம். ஆகவே, நிலமோ சொத்தோ இல்லாத ஒரு வீட்டில், முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளையிடம் "அறிவுக்காகவே படி" என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்றே நான் கருதுகிறேன். அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் தம் பிள்ளையின் வயிற்றுப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு வைத்திருப்பவராகவே இருப்பார்.

தாய்மாமனின் கணக்கை அவருடைய வழியிலேயே சரிபார்ப்போம். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனால் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும், மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வுக்கும் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. இந்திய வனப் பணித் தேர்வு எழுதத் தகுதியான பாடங்களில் தாவரவியலும் ஒன்று. ஆகவே தேர்வு என்ற ஒரே கண்ணோட்டத்தில் பார்த்தாலும், மூன்று ஆண்டுகளை மிச்சப்படுத்துவதாக நினைத்துப் பல கதவுகளைச் சாத்திவிடுகிறோம். தேர்வு பற்றிய பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். பட்டத்துக்கும் வேலைக்கும் இடையே உள்ள முடிச்சு எப்படி விழுந்தது என்பது இதைவிட முக்கியமானது.

அந்த முடிச்சு தானாக விழுந்ததன்று, அரசு போட்டது. 1844ஆம் ஆண்டு தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச், ஆங்கிலக் கல்வி கற்றவர்களுக்கே அரசுப் பணியில் முன்னுரிமை என்று அறிவித்தார். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது, அவற்றுக்கு லண்டன் பல்கலைக்கழகத்தையே மாதிரியாகக் கொண்டார்கள். அக்காலத்து லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகமும் அப்படியே தேர்வு நடத்தும் அமைப்பாகப் பிறந்தது. அதற்கென்று கற்பிக்கும் துறைகளும் ஆய்வுப் பணிகளும் 20ஆம் நூற்றாண்டில்தான் வளர்ந்தன. இத்தனைக்கும், ஆராய்கிறவரே கற்பிக்க வேண்டும், கற்கிறவரும் ஆராய்ச்சியில் பங்குகொள்ள வேண்டும் என்ற கொள்கையோடு ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் முயன்று அமைத்த பெர்லின் பல்கலைக்கழகம் 1810லேயே திறக்கப்பட்டுவிட்டது. உலகத்தின் முன் இரண்டு மாதிரிகள் இருந்தன. நமக்கு வாய்த்தது தேர்வு நடத்தும் மாதிரி.

மதுரையில் அமெரிக்கன் கல்லூரி 1881இலும் மதுரைக் கல்லூரி 1889இலும் உருவாயின. நல்லாசிரியர்கள் பலர் அவற்றில் கற்பித்தார்கள், அதில் ஐயமில்லை. ஆயினும் பாடத்திட்டம் எங்கோ வகுக்கப்படும், வினாத்தாள் எங்கோ தயாராகும், விடைத்தாளை யாரோ திருத்துவார் என்ற ஏற்பாட்டுக்குள்தான் அந்த ஆசிரியர்களும் இயங்க வேண்டியிருந்தது. தன் மாணவனுக்கு எதைக் கற்பிப்பது, அவன் கற்றானா என்பதை எப்படி அறிவது என்ற இரண்டையும் முடிவு செய்ய முடியாத ஆசிரியருக்கு எஞ்சும் வேலை நோட்ஸ் சொல்வதுதான். இன்று நாம் காணும் கைடு, "முக்கிய வினாக்கள்", தேர்வுக்கு முந்திய இரவில் கைமாறும் ஜெராக்ஸ் தாள் ஆகிய எல்லாவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, தென் மாவட்டங்களுக்கென்று அருகிலேயே ஓர் ஆய்விடம் வேண்டும் என்ற விருப்பமும் அதில் கலந்திருந்தது. அதன் முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் மொழியியல் அறிஞர். அவருக்குப் பின் வந்த மு.வரதராசனார், தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கி, உடல்நலக் குறைவால் அந்த வேலையை விட்டபின் தாமே படித்து, தமிழ்ப் புலமைக்கான வித்துவான் தேர்வில் தேறியவர். அரசு வேலையிலிருந்து படிப்பை நோக்கிப் போன ஒருவர் இந்த ஊரில் துணைவேந்தராக இருந்தார் என்பதைத் தாய்மாமனுக்கும் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் கல்வி உண்டு என்பதற்கும் அவரே சான்று. ஆனால் அவ்வளவு மனஉறுதியை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. மற்றவர்களுக்கு வகுப்பும் ஆசிரியரும் உடன் படிப்போரும் தேவை.

இனி, "சோதித்து அறியும் பழக்கம்" என்று நான் சொன்னது வெறும் மேடைப் பேச்சாகத் தோன்றாதிருக்க, உங்கள் மகள் படிக்கப்போகும் பாடத்திலிருந்தே ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன்.

அவர் வீட்டுக் கொல்லையிலும் வரப்போரத்திலும் தும்பை முளைத்திருக்கும். சளி பிடித்தால் அதன் பூவையோ இலையையோ பயன்படுத்துவதை அவர் அப்பத்தா செய்து பார்த்திருப்பார். செடியைக் கண்டதும் பெயர் சொல்ல அவருக்குத் தெரியும். அதைக் கல்லூரி கற்றுத்தர வேண்டியதில்லை. கல்லூரியில் முதல் ஆண்டில் அதே தும்பையை மேசை மீது வைத்து, "இது தும்பை என்று எப்படி நிறுவுவாய்?" என்று கேட்பார்கள். தண்டை விரல்களுக்கிடையே உருட்டச் சொல்வார்கள். அது உருளாமல் நான்கு பட்டையாக நிற்கும். இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். பூவின் இதழ்கள் இணைந்து, மேலுதடு கீழுதடு என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். இந்த மூன்றும் துளசிக்கும் பொருந்தும். தும்பையும் துளசியும் ஒரே குடும்பம், லேமியேசி என்று மாணவி எழுதுவார். அது வரை எளிது.

அடுத்த வாரம் அழகர்மலை அடிவாரத்திலிருந்து உண்ணிச்செடியைப் பறித்து வந்து வைப்பார்கள். அதற்கும் தண்டு நான்கு பட்டை, இலை எதிரெதிர், கசக்கினால் நெடி. தண்டு, இலை போன்ற வெளி அடையாளங்களோடு நின்றுவிட்ட மாணவி இதையும் துளசிக் குடும்பம் என்றே எழுதுவார், தவறாகிவிடும். பூவைப் பிளந்து, கைலென்சின் கீழ் சூலகத்தை, அதாவது பின்னர் காயாக மாறும் பகுதியை, பார்க்க வேண்டும். தும்பையிலும் துளசியிலும் சூலகம் நான்கு சிறு மணிகளாகப் பிளவுபட்டு, சூல்தண்டு என்ற மெல்லிய காம்பு அவற்றின் நடுவே அடியிலிருந்து எழும்பும். பழுத்தால் நான்கு சிறு கொட்டைகள் கிடைக்கும். உண்ணிச்செடியில் சூலகம் அப்படிப் பிளவுபடுவதில்லை, சூல்தண்டு உச்சியிலிருந்து எழும்பும், காய் சதைப்பற்றோடு கறுத்துப் பழுக்கும். அது வெர்பினேசி என்ற வேறு குடும்பம். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உள்ளே பார்த்தபின் முடிவு மாறுகிறது. தாம் எழுதிய விடையைத் தம் கையாலேயே அடித்துவிட்டு, மறுபடியும், வினா வினாவாகக் கேட்டுச் செடியை இனங்காட்டும் தாவர அடையாள நூலின் முதல் வினாவுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. அந்தத் திரும்பி வருதலைத்தான் நான் கல்வி என்கிறேன்.

களப்பயணத்தில் பறித்த செடியைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, கீழ் மூலையில் ஒரு சீட்டு எழுதுவார்கள். பெயர், குடும்பம், பறித்த இடம், நாள், பறித்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பூவின் நிறத்தை மட்டும் செடியைப் பறித்த இடத்திலேயே குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். காய்ந்தபின் நிறம் மாறிவிடும், நினைவிலிருந்து எழுதினால் நம்ப முடியாது. இருபது ஆண்டுகள் கழித்து வேறொருவர் அந்தத் தாளை எடுத்து, "இந்தப் பெண் எழுதிய பெயர் சரிதானா?" என்று மறுபடி சோதிக்கலாம். அதற்காகவே அவர் பெயர் அதில் இருக்கிறது. நான் சொன்னதற்கு நான் பொறுப்பு, நீ வந்து சரிபார்த்துக்கொள் என்ற உறுதிமொழி அந்தச் சிறு சீட்டில் இருக்கிறது. பதினெட்டு வயதில் ஒருவர் தம் பெயரை இப்படி ஓர் உண்மைக்குக் கீழே எழுதப் பழகுவது எவ்வளவு பெரிய செய்தி என்பதை அதைக் கண்ணால் பார்த்த ஆசிரியர்கள் அறிவார்கள்.

"சரி, அதனால் யாருக்கு என்ன பயன்?" என்று தாய்மாமன் கேட்கக்கூடும். நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சுடுகாட்டுப் பூ என்று சொல்லி ஒதுக்குவோரும் உண்டு. 1950களில் கனடாவின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபல், சார்லஸ் பீர் என்ற இருவர், ஜமைக்கா மக்கள் இதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்ற செய்தியைச் சோதிக்கப் புகுந்தார்கள். எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஆனால் ஊசி வழியாகச் சாறு செலுத்தப்பட்ட எலிகள் தொற்று நோயால் இறந்தன. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று கைவிடாமல் ஏன் இறந்தன என்று பார்த்தபோது, இரத்தத்தின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தானே இரத்தப் புற்று? அந்தத் தடத்தில் போய் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து பின்னர் கிடைத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுக்கான சிகிச்சையில் இன்றும் இடம்பெறுகிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து கண்டுபிடி என்று மட்டும் கட்டளை பெற்ற ஒரு பணியாள், சர்க்கரை குறையவில்லை என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார். கேட்ட கேள்விக்கு விடை கிடைக்காதபோது, எதிரே கிடப்பது வேறு என்ன கேள்வி என்று பார்க்கும் மனநிலைதான் அந்த மருந்தைத் தந்தது. அந்த மனநிலை நோட்ஸ் மனப்பாடத்தில் உருவாவதில்லை.

தாவரவியலோடு நின்றுவிட்டால் இது என் பாடத்தின் மீதுள்ள பற்றாகத் தோன்றலாம். மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கீழடியைப் பற்றிப் பேசாத வீடு நம் பக்கத்தில் இல்லை. 2014–15இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை பொறுப்பேற்றது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரி ஒன்று அமெரிக்க ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, அதன் காலம் கி.மு. 580 என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. அன்று எனக்கும் மகிழ்ச்சியில் உறக்கம் வரவில்லை. நம் முன்னோர் எழுத்தறிவோடு நகர வாழ்வு வாழ்ந்தார்கள் என்ற செய்தி யாருக்குத்தான் இனிக்காது?

அதன் பிறகு கைப்பேசிகளில் சுற்றிய செய்திகளை நினைவுகூருங்கள். சிலர் அந்தக் காலத்தைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளினார்கள்; வேறு சிலர் எல்லாமே கட்டுக்கதை என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்தார்கள். இரு தரப்பிலும் பட்டதாரிகள் இருந்தார்கள் என்பதுதான் என்னை வருத்தியது. கல்லூரியில் மூன்று ஆண்டுகள் கழித்த ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எந்த மண்ணடுக்கில் எடுத்த மாதிரி? அதே அடுக்கில் வேறு என்னென்ன கிடைத்தன? ஒரு மாதிரியா, பல மாதிரிகளா? கரிமக் கணிப்பில் எத்தனை ஆண்டுகள் முன்பின் வரலாம்? எழுத்துப் பொறித்த பானை ஓட்டின் காலமும் கரித்துண்டின் காலமும் ஒன்றுதான் என்று எதைக் கொண்டு சொல்கிறார்கள்? இவற்றைக் கேட்பதால் கீழடியின் பெருமை குறைந்துவிடாது. உண்மையில், இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல முடிவதால்தான் அது ஊர்ப் பெருமையாக மட்டும் நிற்காமல் வரலாறாக நிற்கிறது. வேறு மாநிலத்து ஊர் ஒன்றின் பழமையைப் பற்றி மிகைப்படுத்திச் சொன்னால் சான்று கேட்க நமக்குத் தயக்கமில்லை. நம் ஊரைப் பற்றிச் சொல்லும்போதும் அதே சான்றைக் கேட்கிறோமா என்பதில்தான் படித்த படிப்பு தெரியும். பிடிக்காத கருத்தைச் சோதிக்கப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. பிடித்த கருத்தைச் சோதிக்கத்தான் பயிற்சி வேண்டும்.

இதே பயிற்சி மனிதர்களைப் பற்றிய கருத்துகளிலும் வேலை செய்ய வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பள்ளி முடியும் வரை தம் சொந்தபந்தங்களுக்குள்ளேயே வளர்கிறார்கள். தென் மாவட்டப் பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் மாணவர்களின் கைகளில் ஏறியதும், அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசுக்குப் பரிந்துரைத்ததும் நீங்கள் அறிந்தவையே. ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கியை இரண்டு மாணவிகளுக்குக் கொடுப்பார்கள். அவர்கள் யார் யார் என்று வருகைப் பதிவேட்டின் அகர வரிசை தீர்மானிக்கும். மேலூர்ப் பக்கத்துப் பெண்ணும் கம்பத்துப் பெண்ணும் ஒரே கண்ணாடித் தகட்டை மாறி மாறிப் பார்த்து, "நீ பார்த்தது சரி, நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன்" என்று சொல்லிக்கொள்கிற இடம் அது. ஒருவர் சொல்வது சரியா தவறா என்பதற்கு அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது சான்றாகாது என்பதை எந்த உபதேசமும் இல்லாமல் அந்த மேசை கற்றுத்தருகிறது. விடுதியில் ஒரே வரிசையில் தட்டோடு நிற்பது அதை உறுதிப்படுத்துகிறது. எல்லாக் கல்லூரிகளிலும் இது நிகழ்கிறது என்று சொல்ல மாட்டேன். சில விடுதிகளில் அறை ஒதுக்கும்போதே ஊர் பார்த்து ஒதுக்குவதும் நடக்கிறது. அப்படிச் செய்யும் நிர்வாகம், எத்தனை பட்டம் வழங்கினாலும், தன் வேலையைச் செய்யவில்லை என்றே பொருள்.

பெண் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. கேட்டி வில்காக்ஸ் 1948இல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கும் வரை மதுரையில் பெண்களுக்கென்று தனிக் கல்லூரி இல்லை. அதற்குப் பிந்தைய தலைமுறைகளில்தான், திருமணத்துக்கும் பள்ளிக்கும் இடையே தமக்கென்று சில ஆண்டுகள் நம் பெண்களுக்குக் கிடைத்தன. தாய்மாமன் சொல்கிறபடி பயிற்சி மையத்தில் சேர்த்து, ஓரிரு ஆண்டுகளில் தேர்வு கைகூடாவிட்டால் அடுத்த பேச்சு என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கல்லூரியின் மூன்று ஆண்டுகள் அந்தப் பேச்சைத் தள்ளிவைக்கின்றன. அந்தக் காலத்துக்குள் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் வாய் அவருக்கு வந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். விண்ணப்பத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

இனி, பட்டத்தின் மதிப்பு மாறிவிட்ட கதை. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளோரின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்ந்தோர் நூற்றுக்கு 47 பேர். நாடு முழுவதற்கும் அது 28.4 மட்டுமே. இது பெருமைக்குரியது. ஆனால் ஊரில் ஒருவர் மட்டுமே பட்டதாரியாக இருந்த காலத்தில், அந்தத் தாளே அவருக்கு நாற்காலி வாங்கித் தந்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தத் தாளை வைத்திருக்கும் காலத்தில் தாளுக்கு அந்த வலிமை இருக்க முடியாது. எனவே, வேலைக்காகவே படிக்கிறோம் என்பவர்கள்தாம் உள்ளே என்ன கற்றோம் என்று மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். நேர்காணலில் அமர்ந்திருப்பவர் கேட்பது "இந்த அறிக்கையில் எது தவறு?" என்ற கேள்வியைத்தான், வேறு வேறு உருவங்களில். மருந்து நிறுவனத்தின் தரச் சோதனைப் பிரிவானாலும், விதை நிறுவனமானாலும், வனத்துறையானாலும், வட்டாட்சியர் அலுவலகமானாலும் தம் முன் வந்த தாளை அப்படியே நம்பிக் கையெழுத்திடாத ஒருவரையே அங்கே தேடுகிறார்கள். 2022இல் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தரப்படும் திறன் பயிற்சிகள் பயனுள்ளவை. அவற்றைப் படிப்போடு சேர்த்துக்கொள்ளலாம், படிப்புக்குப் பதிலாகக் கொள்ள முடியாது. இன்று கற்ற மென்பொருளை நாளை வேறொன்று தள்ளிவிடும்.

இவ்வளவும் சொன்னபின், எல்லாக் கல்லூரிகளும் இதைத் தருகின்றனவா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை. மூத்த மாணவியின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, செய்முறைத் தேர்வன்று மட்டும் ஆய்வகக் கதவைத் திறக்கும் துறைகளை நான் அறிவேன். நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல், குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே காலத்தை ஓட்டுவது நம் உயர்கல்வியின் பெரிய நோய். அடுத்த ஆண்டு பணி இருக்குமா என்று தெரியாத ஆசிரியர், மாணவியின் கட்டுரையை உட்கார்ந்து திருத்தித் தருவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பல்கலைக்கழகத்தின் நோக்கம் உயர்ந்தது என்று பேசுகிற அரசும் ஆட்சிக்குழுவும் முதலில் பொறுப்பேற்க வேண்டிய இடம் இது.

கடன் பற்றியும் ஒரு சொல். அரசு உதவி பெறும் கல்லூரியில் அரசு உதவி பெறும் பாடப்பிரிவு என்றால் கட்டணம் உங்களால் தாங்கக்கூடியதாகவே இருக்கும். அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் இருக்கும். அதன் கட்டணம் வேறு. சேர்க்கைக் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலத்தை அடகு வைத்தோ கந்துவட்டிக்கு வாங்கியோ எந்தப் பட்டத்துக்கும் பணம் கட்ட வேண்டாம். கடனை அடைக்கும் பதற்றத்தில் படிக்கும் பிள்ளைக்குக் கேள்வி கேட்கும் துணிவு வராது. எது விரைவில் சம்பளம் தருமோ அதில் ஒதுங்கிவிடும். தாவரவியலை விட்டுச் செவிலியர் படிப்பு போன்ற தொழிற்படிப்பை உங்கள் மகள் உண்மையிலேயே விரும்பினால் அதையும் மறுக்காதீர்கள். நோயாளியின் அட்டையில் எழுதியிருப்பதையும் கண்முன் தெரிவதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் செவிலியர் நான் மேலே சொன்ன கல்வியைத்தான் பெற்றிருக்கிறார். பாடத்தின் பெயரைவிட அது கற்பிக்கப்படும் முறையே பெரிது.

ஆகவே சேர்ப்பதற்கு முன், நீங்கள் பேசாமல் உங்கள் மகளையே பேசவிட்டு, வேலை நாள் ஒன்றில் அந்தத் துறைக்குப் போய் வாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவிகள் யாரையாவது நிறுத்தி, கடைசியாக எந்த வாரம் ஆய்வகத்துக்குப் போனீர்கள் என்று அவர் கேட்கட்டும். களப்பயணம் ஆண்டுக்கு எத்தனை முறை, அழகர்மலைக்கும் சிறுமலைக்கும் அழைத்துப் போகிறார்களா, சுற்றுலாவாகவா குறிப்பேட்டோடா என்று விசாரிக்கட்டும். ஆசிரியர்கள் அசைன்மென்டைத் திருத்தித் திருப்பித் தருகிறார்களா, இன்டர்னல் மதிப்பெண் மட்டும் போட்டு வைத்துக்கொள்கிறார்களா என்பது மிக முக்கியம். உலர் தாவரத் தொகுப்பு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் ஒரு தாளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் மூலையில் உள்ள சீட்டில் ஒரு மாணவியின் பெயரும் அண்மை ஆண்டின் தேதியும் இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடலாம். எல்லாத் தாள்களும் முப்பது ஆண்டுகளுக்கு முந்தியவை என்றால், அதே பாடத்துக்கு நகரில் வேறு எங்கெல்லாம் இடம் இருக்கிறது என்று கலந்தாய்வு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.

போட்டித் தேர்வைக் கைவிட வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டில் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு விடுமுறை நாள்களில் போகத் தொடங்கினால் போதும். 2023இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்கென்று தனியாகவே இடம் இருக்கிறது. அங்கே போகும் நாள்களில் ஒரு மணி நேரத்தைத் தேர்வுக்குத் தொடர்பில்லாத அலமாரிகளுக்கும் ஒதுக்கும்படி நீங்களே அவரிடம் சொல்லுங்கள். அப்பா சொன்னால் அது வீண்பொழுது என்ற குற்ற உணர்வு அவருக்கு இருக்காது.